காதல் சேருமா, பேய் நிஜமா: வாசகர் வட்டத்தில் ரொமான்ஸும் அமானுஷ்யமும் பரிந்துரைப்பது

ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில் இரண்டு பெண்கள் புத்தகப் பேச்சு பேசும் காட்சி ஒன்று வருகிறது. பாத் நகரத்தில் பொழுதைக் கழிக்க வந்த இடத்தில் சிநேகிதமானவர்கள். கேத்தரின் அப்போது ஆன் ராட்கிளிஃபின் 'உடால்ஃபோவின் மர்மங்கள்' படித்துக்கொண்டிருக்கிறாள். கறுப்புத் திரை வரும் இடம் வரைக்கும் வந்துவிட்டாள். இசபெல்லா அதை ஏற்கெனவே படித்து முடித்தவள். திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை என்ன கொடுத்தாலும் சொல்ல மாட்டேன் என்கிறாள். அடுத்துப் படிக்க ஏழு நாவல்களின் பட்டியலையும் வாசிக்கிறாள். கேத்தரின் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எல்லாமே பயங்கரமாக இருக்குமா, நிச்சயமாகத் தெரியுமா? நிச்சயம், என் தோழி மிஸ் ஆண்ட்ரூஸ் அத்தனையும் படித்திருக்கிறாள் என்று பதில் வருகிறது.

அந்த நாவல் 1817 டிசம்பரில் வெளிவந்தது. இன்று காதல் கதையும் அமானுஷ்ய சஸ்பென்ஸும் படிக்கிற எந்த வாசகர் வட்டத்திலும் நடக்கும் நல்லது கெட்டதெல்லாம் அந்த ஒரு பக்கத்திலேயே இருக்கிறது. முடிவைச் சொல்லிவிடக் கூடாது என்ற நாகரிகம் இருக்கிறது. கேட்பவள் தனக்கு வேண்டியதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறாள். பரிந்துரைப்பவளோ தான் படிக்காததை இன்னொருத்தி வாயால் பரிந்துரைக்கிறாள். அந்த ஏழு தலைப்புகளும் ஆஸ்டின் கேலிக்காக இட்டுக்கட்டியவை என்றே பலர் வெகுகாலம் நினைத்தார்கள். 1920களில் மைக்கேல் சாட்லியர் போன்றவர்கள் துருவியபோதுதான், ஏழும் 1793க்கும் 1798க்கும் இடையில் நிஜமாகவே அச்சானவை என்று உறுதியானது. ஏழில் ஆறு, லண்டனில் வில்லியம் லேன் நடத்திய மினெர்வா பிரஸ் போட்டவை. லேன் புத்தகம் போட்டதோடு நிற்காமல் வாடகை நூலகமும் நடத்தியவர். சந்தா கட்டுகிறவருக்கு என்ன பிடிக்கிறது என்று பார்த்துப் புத்தகம் போடும் தொழில் அப்போதே சூடுபிடித்துவிட்டது.

கறுப்புத் திரைக்கு வருவோம். இருநூறு ஆண்டு தாண்டிய நாவலுக்கு ஸ்பாய்லர் கணக்கு இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்லலாம். 'உடால்ஃபோ'வின் நாயகி எமிலி திரையை விலக்குகிறாள், மயங்கி விழுகிறாள். அவள் பார்த்தது என்ன என்பதை ராட்கிளிஃப் நான்காம் தொகுதியின் கடைசிப் பகுதி வரை சொல்வதில்லை. சொல்லும்போது அது வெறும் மெழுகுப் பொம்மை: அழுகிக்கொண்டிருக்கும் பிணம் போலச் செய்தது, அந்தக் குடும்பத்தின் பழைய பிரபு ஒருவருக்குப் பிராயச்சித்தமாக விதிக்கப்பட்டது. 1794ல் இதைப் படித்தவர்களில் ஒரு பகுதியினர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள், இன்னொரு பகுதியினர் ஏமாந்துபோனோம் என்றார்கள். ராட்கிளிஃப் அமானுஷ்யமாகக் காட்டும் அநேகமாக எல்லாவற்றுக்கும் கடைசியில் உலகியல் விளக்கம் வைத்துவிடுவார். 1764ல் வந்த ஹொரேஸ் வால்போலின் 'ஒட்ராண்டோ கோட்டை'யில் அந்தச் சமரசமே கிடையாது. முதல் சில பக்கங்களிலேயே வானத்திலிருந்து ராட்சதத் தலைக்கவசம் விழுந்து மாப்பிள்ளையை நசுக்கிவிடுகிறது, அது எப்படி வந்தது என்று யாரும் விளக்குவதில்லை. 1796ல் மாத்யூ லூயிஸின் 'துறவி'யில் சாத்தானே நேரில் வருகிறான்.

இந்த இரண்டு ஓடைகளும் இன்று வரை பிரிந்தே ஓடுகின்றன. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. 1898ல் வந்த ஹென்றி ஜேம்ஸின் 'திருகின் முறுக்கு' போல, பேய் இருக்கிறதா, பார்ப்பவளின் மனம்தான் பேதலித்திருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லாமலே முடிவது. 1970ல் தொடோரோவ் என்ற விமர்சகர் இதை அழகாக வகுத்தார். நடந்ததை நம்புவதா வேண்டாமா என்று வாசகர் தடுமாறி நிற்கும் நேரம்தான் இந்த இலக்கியத்தின் உயிர். விளக்கம் வந்துவிட்டால் கதை ஒரு பக்கம் சாய்கிறது, அமானுஷ்யம் உறுதியானால் மறுபக்கம் சாய்கிறது. படிப்பாளிகளுக்கான கோட்பாடாகத் தோன்றினாலும், வட்டத்தில் யாருக்கு எந்த நாவல் பொருந்தும் என்று பார்க்க இதைவிட உபயோகமான அளவுகோல் வேறு கிடையாது. நிஜப் பேய் வேண்டும் என்பவருக்கு மெழுகுப் பொம்மையைக் கொடுத்தால் அடுத்த மாதம் அவர் கூட்டத்துக்கு வருவதே சந்தேகம்.

காதல் கதைக்கு வேறொரு ஒப்பந்தம். 1980ல் அமெரிக்காவில் தொடங்கிய ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இரண்டே நிபந்தனை வைத்தது: கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாக, நம்பிக்கை தருவதாக இருக்க வேண்டும். இருவரும் சேராமல் போனாலோ ஒருவர் இறந்தாலோ, எவ்வளவு உருகி எழுதியிருந்தாலும் அந்த அலமாரியில் அதற்கு இடமில்லை. தமிழில் காதல் நாவல் என்றால் சேர்வதும் உண்டு, பிரிவதும் உண்டு. சொல்லப்போனால் பிரிந்தவைதான் கூடுதலாக நினைவில் நிற்கின்றன. ஆங்கில ரொமான்ஸ் படித்துப் பழகியவரும் தமிழ்த் தொடர்கதையில் வளர்ந்தவரும் ஒரே வட்டத்தில் உட்காரும்போது முதல் தகராறு இங்கேதான் கிளம்பும். ஒருவர் "அருமையான காதல் கதை" என்று நீட்டியதைப் படித்துவிட்டு, "கடைசியில் அவனைக் கொன்னுட்டாங்களே, முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று மற்றவர் கேட்பார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

ஆக, ரொமான்ஸில் முடிவு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், சஸ்பென்ஸில் தெரியவே கூடாது. இரண்டும் கலந்த நாவலைப் பரிந்துரைப்பவர் ஒரே வாயால் சொல்லவும் வேண்டும், சொல்லாமலும் இருக்க வேண்டும். சிக்கலுக்கெல்லாம் வேர் இதுதான்.

காதல் பக்கத்து முடிவைத் தயங்காமல் சொல்லிவிடலாம். "இவர்கள் சேர்ந்துவிடுவார்கள்" என்பது ரொமான்ஸ் வாசகருக்கு ஸ்பாய்லரே கிடையாது. அந்த உத்தரவாதம் இருப்பதால்தான் நடுவில் வரும் சித்திரவதையை அவர் தாங்குகிறார். சேரவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் பக்குவமாக. "இது சோக முடிவு, மனசு சரியில்லாத வாரத்தில் எடுக்காதீர்கள்" என்றால் போதும், யார் எப்படி இறக்கிறார் என்ற விவரம் தேவையில்லை. அமானுஷ்யப் பக்கத்தில்தான் வித்தை இருக்கிறது. "கடைசியில் எல்லாவற்றுக்கும் விளக்கம் வந்துவிடும்" என்று சொன்னால் கதை அங்கேயே செத்துவிடும். அதனால் புத்தகத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஆளைக் கேட்க வேண்டும்: பேய்க்கு விஞ்ஞான விளக்கம் கொடுத்தால் உங்களுக்குக் கோபம் வருமா? கடைசி வரை புதிராகவே விட்டால்? பதில் கிடைத்ததும் பொருந்தாததைப் பரிந்துரைப்பவர் தன் மனதுக்குள்ளேயே கழித்துவிடலாம். கேட்டவருக்கு எந்த ரகசியமும் தெரியாமலே சரியான புத்தகம் கைக்கு வந்துவிடும். ஒரே நேரத்தில் நான்கைந்து புத்தகம் மனதில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கஷ்டம். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் கேள்வியே ஸ்பாய்லர் ஆகிவிடும்.

ஸ்பாய்லர் அவ்வளவு கெடுதலா என்றும் ஒரு கேள்வி உண்டு. சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் இருவர் 2011ல் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவை முன்னாலேயே தெரிந்துகொண்டு படித்தவர்கள்தான் பெரும்பாலும் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். பின்னால் வேறு ஆட்கள் செய்த சோதனைகளில் இதற்கு நேர்மாறாகவும் வந்தது. அரைமணி நேரத்தில் முடியும் சிறுகதையை வைத்து 400 பக்கத்து நாவலுக்குச் சட்டம் போடுவது அதிகப்படி. வட்டத்தில் மல்லுக்கு நிற்க இது நல்ல விஷயம், வழக்கத்தை மாற்றிக்கொள்ள அல்ல.

பதிப்பகங்கள் இந்தப் பாகுபாட்டையெல்லாம் எப்போதோ வியாபாரமாக்கிவிட்டன. 1908ல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனத்தை 1971ல் கனடாவின் ஹார்லக்வின் வாங்கியது. அதற்குப் பிறகு வாசகர் விருப்பத்தை வரிசை வரிசையாகப் பிரித்தார்கள். 1984ல் வந்த இன்ட்ரீக் வரிசை காதலும் குற்றமும் சேர்ந்தது, சுமார் 55,000 சொல். 2006ல் வந்த நாக்டர்ன் அமானுஷ்யத்துக்கென்றே தனி வரிசை. ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் எல்லாம் கதாநாயகர்கள். பத்தாண்டுக்குக் கொஞ்சம் மேல் ஓடி நின்றது. இந்த வரிசைப் பெயர் அட்டையில் இருந்தாலே முடிவு, நீளம், படுக்கையறைக் காட்சியின் அளவு மூன்றும் வாசகருக்குத் தெரிந்துவிடும். அதாவது பரிந்துரையில் பாதியை அட்டையே செய்துவிடுகிறது. பழைய கைகள் அட்டை ஓவியத்திலேயே கண்டுபிடிப்பார்கள். 1960களின் அமெரிக்கக் கோதிக் (பழைய மாளிகையில் நடக்கும் திகில் கதை) பேப்பர்பேக்கில் இரவு உடையில் ஓடிவரும் பெண், பின்னால் இருண்ட மாளிகை, அதில் ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். அந்த ஜன்னல் இருந்தால் உள்ளே காதல் உண்டு, ஒரு ரகசிய அறை உண்டு, முடிவில் கல்யாணமும் பெரும்பாலும் உண்டு.

நம் ஊரில் அந்த வேலையை மாத நாவல்கள் பார்த்தன. ராணி முத்து, மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் என்று பஸ் நிலையக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய புத்தகங்களில் எழுத்தாளர் பெயர்தான் வரிசைப் பெயர். ரமணிசந்திரன் என்றால் குடும்பக் காதல், முறுக்கிக்கொண்டு நிற்கும் நாயகன், கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். 2024ல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் என்றால் கோயில், சித்தர், ஊர்க் காவல் தெய்வம், அதை நம்பாத ஒருவரும் கூடவே வந்து வாதாடுவார். கடைக்காரரிடம் ஒரு பெயரைச் சொன்னால் வேறு விளக்கமே வேண்டியதில்லை. வாடகை நூலகங்களில் இன்னொரு பழக்கம் இருந்தது. தலைப்பும் அட்டையும் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால் படித்ததா இல்லையா என்று மறந்துபோகும் என்று, உள்ளே குறிப்பிட்ட ஒரு பக்கத்தின் மூலையில் வாசகர்கள் பென்சிலால் தங்கள் அடையாளத்தைப் போட்டுவைப்பார்கள். ஒருவருடைய ரசனை தெரிந்தவருக்கு அந்தப் புள்ளியும் சுழியுமே பரிந்துரை: அவள் படித்திருக்கிறாள், அப்படியானால் நமக்கும் ஆகும். இப்போது இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் தமிழ்க் கதைகளுக்கு எழுத்தாளர்களே "ஆன்டி ஹீரோ", "ஃபீல் குட்", "ஹேப்பி எண்டிங்" என்று முன்குறிப்புப் போட்டுவிடுகிறார்கள். அமானுஷ்யக் கதைகளுக்கு மட்டும் அப்படி ஒன்று இன்னும் சரியாக அமையவில்லை. "திகில்" என்ற ஒரே சொல்லுக்குள் ஆவி, மாந்திரீகம், மனநோய், தொடர்கொலை எல்லாமே அடைபட்டுக் கிடக்கின்றன.

ஆங்கில அமானுஷ்யக் காதல் வரிசைகளைப் பரிந்துரைக்கும்போது அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அமானுஷ்ய ரொமான்ஸும் நகர்ப்புற மாயக்கதையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி. இரண்டிலும் காட்டேரி உண்டு, ஓநாய் உண்டு, அட்டையில் தோல் ஜாக்கெட் உண்டு. முதல் வகையில் ஒவ்வொரு புத்தகமும் ஒரு ஜோடியின் கதை. அந்தப் புத்தகத்திலேயே அவர்கள் சேர்ந்துவிடுவார்கள், அடுத்ததில் அவனுடைய தம்பியோ அவளுடைய தோழியோ வருவார்கள். இரண்டாவது வகையில் ஒரே நாயகி பத்துப் புத்தகம் போவாள். கொலை ஒவ்வொரு புத்தகத்திலும் துலங்கும், காதல் நான்காவதிலோ ஆறாவதிலோதான் கனியும், சில சமயம் ஆளே மாறிவிடுவார். ரொமான்ஸ் வாசகருக்கு இரண்டாவது வகையின் முதல் பாகத்தைக் கொடுத்துவிட்டால், அவர் 350 பக்கம் காத்திருந்து ஒரு முத்தத்தோடு திரும்பி வருவார். கொடுப்பதற்கு முன் மூன்று விவரம் சொல்லியாக வேண்டும்: மொத்தம் எத்தனை பாகம், வரிசை முடிந்துவிட்டதா, முதல் பாகம் அந்தரத்தில் தொங்கவிட்டு முடிகிறதா.

வரிசையை எங்கே தொடங்குவது என்பதிலும் குழப்பம் வரும். ஜோடி மாறும் வரிசையானால் எந்தப் பாகத்திலிருந்தும் தொடங்கலாம் என்பார்கள், பாதி உண்மை. பொதுவான எதிரி ஒருவன் பாகங்களின் ஊடாக வளர்ந்துகொண்டு வந்தால், நடுவில் நுழைபவருக்குக் காதல் புரியும், சஸ்பென்ஸ் புரியாது. 1.5, 2.5 என்று எண் போட்ட குறுநாவல்களும் உண்டு. பெரும்பாலும் விட்டுவிடலாம், ஆனால் அடுத்த பாகத்தின் வில்லன் அறிமுகமாவது அங்கேதான் என்று இருந்தால் சொல்லிவிட வேண்டும். முன்கதை பின்னால் எழுதப்பட்டிருந்தால் வெளிவந்த வரிசையிலேயே படிக்கச் சொல்வது நல்லது. முன்கதையை எழுதும்போது ஆசிரியர், வாசகருக்கு ரகசியம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பார்.

கூட்டத்தில் பரிந்துரைக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் தாராளம். எட்டு பேர் வந்தால் 24 நிமிடம். அதற்கு மேல் போனால் கடைசி இருவர் சொல்வது யார் காதிலும் ஏறாது. கதைச் சுருக்கம் சொல்ல ஆரம்பித்தால் மூன்று நிமிடமும் அதற்கே சரியாகப் போய்விடும், அதனால் கதையை இரண்டு வாக்கியத்தில் நிறுத்த வேண்டும்: யார், எந்த இடத்தில், என்ன இக்கட்டில். மீதி நேரம் முழுக்கப் படிக்கும் அனுபவத்தைப் பற்றி. முதல் அமானுஷ்ய அறிகுறி எத்தனாவது பக்கத்தில் வருகிறது? காதலும் மர்மமும் எந்த விகிதத்தில்? கதை சொல்வது நாயகி மட்டுமா, நாயகனும் மாறிமாறியா? கொலைகாரன் மனதுக்குள்ளிருந்து எழுதிய அத்தியாயங்கள் உண்டா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம், ஆனால் இரவில் தனியாகப் படிப்பவர் புத்தகத்தை மூடிவைப்பது பெரும்பாலும் அந்த அத்தியாயங்களில்தான். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல், வாசகர் ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல் உண்டு என்பார்: கதை, பாத்திரம், சூழல், மொழி. யாருக்கு எது என்று கண்டுபிடிக்க, பிடித்த புத்தகம் இரண்டும் பாதியில் விட்ட புத்தகம் ஒன்றும் கேட்டால் போதும். பாதியில் விட்டதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். பிடித்ததைச் சொல்லும்போது கௌரவம் பார்ப்பார்கள், விட்டதைச் சொல்லும்போது உண்மையைச் சொல்வார்கள்.

சங்கடமான விஷயங்களை வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. படுக்கையறைக் காட்சி கதவோடு நின்றுவிடுகிறதா, உள்ளே போகிறதா, போனால் எத்தனை இடத்தில்? மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் இருக்கும்போது இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒன்றிலிருந்து ஐந்து வரை மிளகாய்க் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பல வட்டங்களில் அப்படித்தான் ஓடுகிறது. பலாத்காரம், குழந்தை சாவு, கருச்சிதைவு, தற்கொலை இருந்தால் எந்தப் பாத்திரத்துக்கு என்று சொல்லாமல், இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். ("நாய் சாகுமா?" என்ற கேள்விக்கென்றே தனி இணையதளம் இருக்கிறது, அத்தனை பேர் கேட்கிறார்கள்.) அமானுஷ்யக் காதலுக்கே உரிய தொந்தரவு ஒன்றும் உண்டு. பிறவியிலேயே விதித்த துணை என்று ஓநாய் மனிதன் மோப்பம் பிடித்துவிட்டால், அவள் சம்மதத்தைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போவதையும் விதியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். தமிழ்க் கட்டாயக் கல்யாணக் கதைகளை விரும்பிப் படிப்பவருக்கு அது உறுத்தாது. இன்னொருவருக்கு முதல் 60 பக்கத்திலேயே வயிறு எரியும். அதை ரசிப்பவரைக் கேலி செய்து பயனில்லை, சகிக்காதவருக்கு முன்னெச்சரிக்கை கொடுத்தால் சரி.

இவ்வளவு செய்தும் புத்தகம் பொருந்தாமல் திரும்பி வரும். "பிடிக்கல" என்பதோடு விடாமல், எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்று கேட்க வேண்டும். முதல் 30, 40 பக்கத்திலேயே நின்றிருந்தால் பெரும்பாலும் வேகம்தான் காரணம். கோதிக் கதைகள் மாளிகையை வர்ணித்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடும், அவருக்கு அடுத்த தடவை முதல் அத்தியாயத்திலேயே பிணம் விழுகிற புத்தகம். (50 பக்கம் வரை வாய்ப்புக் கொடுங்கள், 50 வயது தாண்டியவர் 100லிருந்து வயதைக் கழித்த பக்கம் வரை போதும் என்பதும் நான்சி பேர்ல் சொன்ன கணக்குத்தான்.) பாதியில் நின்றிருந்தால் விகிதம் தவறியிருக்கும்: மர்மம் சூடுபிடிக்கும் நேரத்தில் இருவரும் மூன்று அத்தியாயம் ஊடல் செய்துகொண்டிருந்திருப்பார்கள், அல்லது காதலுக்காகப் படித்தவர் துப்பறிதலில் மாட்டிக்கொண்டிருப்பார். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுக் கோபமாக வந்திருந்தால் கதையில் கோளாறு இல்லை. சேரும் என்று நம்பியது சேரவில்லை, அல்லது பேய் மெழுகுப் பொம்மையாகிவிட்டது. அவர் பெயருக்கு எதிரே அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த மாதப் பட்டியலை எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குறிப்பைத்தான்.